ஐயத்திற்கு அப்பால்: பாரிஸ்டர் வி. எல். எத்திராஜ்

நுழையும்முன்

ஆராயாமல் வழங்கப்பட்ட ஒரு தீர்ப்பால் கோவலன் உயிரிழந்தான், மதுரை எரிந்தது. சிலப்பதிகாரம் காட்டும் அவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவனுக்காகப் பேச எவரும் இல்லை. அவன் இறந்த பின்னரே கண்ணகி வழக்குரைத்தாள். தண்டனைக்கு முன்பே ஒருவரின் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது இன்றைய நீதிமுறையின் அடிப்படை. அவ்வாறு பிறருக்காகப் பேசுவதையே தொழிலாகக் கொண்டு சிறந்த ஒருவரின் வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

இளமையும் கல்வியும்

எத்திராஜ் 1890ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் வேலூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின், கடல் கடந்து அயர்லாந்தின் டப்ளின் நகருக்குச் சென்று கல்வி கற்றார். பாரிஸ்டராகத் தாயகம் திரும்பிச் சென்னை உயர்நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் அவர் பெயர் விரைவில் நிலைபெற்றது. ஆங்கில ஆட்சியில் அரசின் சார்பாகக் குற்றவழக்குகளை நடத்தும் பொறுப்பு நெடுங்காலம் ஆங்கிலேயரிடமே இருந்தது. சென்னையில் அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் எத்திராஜ் ஆவார்.

சிற்றூரிலிருந்து உயர்நீதிமன்றம் வரை

கொலை போன்ற கடுங்குற்ற வழக்கு ஒன்று அக்காலத்தில் பல படிகளைக் கடந்தது. தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகராகக் கடலூர் விளங்கியது. சிதம்பரத்தை அடுத்த சிற்றூரில் கொலை நிகழ்ந்தால், முதலில் நடுவர் ஒருவர் பூர்வாங்க விசாரணை நடத்துவார். வழக்கிற்கு அடிப்படை உண்டு எனக் கண்டால், கடலூர் அமர்வு நீதிமன்றத்திற்கு அனுப்புவார். அங்கே மரண தண்டனை விதிக்கப்பட்டாலும் உடனே நிறைவேற்ற இயலாது. சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்ய வேண்டும்.

உயர்நீதிமன்றத்தில் வாதிடும் வழக்குரைஞர் பெரும்பாலும் சாட்சிகளை நேரில் காண்பதில்லை. சிற்றூர் மக்கள் தமிழில் கூறியவை ஆங்கிலத்தில் பதிவாகி, தாள்கட்டாக அவர் மேசைக்கு வந்து சேரும். காவலரிடம் ஒன்று, நடுவர் முன் ஒன்று, அமர்வு நீதிமன்றத்தில் ஒன்று என ஒரே சாட்சி மாற்றி மாற்றிக் கூறியிருக்கலாம். அம்முரண்களை வரிவரியாகத் தேடிக் கண்டறிவதில்தான் ஒருவரின் உயிர் தங்கியிருந்தது. கடுங்குற்ற வழக்குரைஞரின் உண்மையான உழைப்பு பேச்சுத்திறனைவிட இப்படிப்பிலேயே மிகுதி.

குற்றவாளிக்காக வாதாடுவது முறையா?

குற்றம் செய்தவரைக் காப்பாற்ற முயல்வது அறமாகுமா என்னும் வினா என்றும் எழுவது. குற்றம் சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு என்பதே சட்டம் தரும் விடை. குற்றத்தை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிப்பது அரசின் கடமை. குற்றமற்றவர் என மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு இல்லை. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1935இல் உல்மிங்டன் வழக்கில் இதனை உறுதிபட நிலைநாட்டியது. எதிர்வழக்குரைஞர் அரசின் சான்றுகளைச் சோதித்துப் பார்க்கிறார். அச்சோதனையில் நிற்கும் சான்றே தண்டனைக்கு உரியது. அரசுத் தரப்பிலும் எதிர்த்தரப்பிலும் நின்று வாதாடிய எத்திராஜ், இவ்வேறுபாட்டைத் தொழிலிலேயே உணர்ந்தவர்.

நாடே நோக்கிய வழக்கு

திரைக்கலைஞர்களைப் பற்றி இழிவாக எழுதிவந்த இதழாளர் இலட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். ‘ஹரிதாஸ்’ திரைப்படத்தால் புகழின் உச்சியில் இருந்த எம். கே. தியாகராஜ பாகவதர், நகைச்சுவைக் கலைஞர் என். எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோரும் வேறு சிலரும் கைதாயினர்.

சென்னை நகரின் கடுங்குற்றங்களை உயர்நீதிமன்றமே ஜூரியின் துணையுடன் விசாரித்த காலம் அது. 1945 மே மாதத்தில் ஒன்பது ஜூரிகளுள் அறுவர் குற்றம் உண்டு என்றனர், மூவர் மறுத்தனர். நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடும் தோற்றது. இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு வழக்கைச் சென்னைக்கே திருப்பியது.

அவ்விசாரணையில் எத்திராஜ் கலைஞர்களுக்காக வாதாடினார். சாட்சிகளின் நம்பகத்தன்மையே வழக்கின் அச்சாணி. உடன் குற்றம் சாட்டப்பட்டு, பின்னர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய ஒருவரின் வாக்குமூலமும் அவற்றுள் அடங்கும். தன்னைக் காத்துக்கொள்ளப் பிறரைக் காட்டிக்கொடுப்பவரின் சொல் வலுவான துணைச்சான்று இல்லாமல் ஏற்கத்தக்கதன்று என 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் எச்சரித்தது. நீதிபதிகள் ஹேப்பல், சகாபுதீன் ஆகியோர் சான்றுகளை ஆராய்ந்து, 1947 ஏப்ரல் 25ஆம் நாள் இருவரையும் விடுதலை செய்தனர்.

விடுதலை கிடைத்தபோது, கைதாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. கிருஷ்ணன் மீண்டும் திரையுலகில் வலம்வந்தார். பாகவதருக்கோ பழைய புகழ் திரும்பவில்லை, 1959இல் மறைந்தார். இழந்த காலத்தை எந்தத் தீர்ப்பாலும் மீட்டுத்தர இயலாது. முதல் விசாரணையிலேயே சான்றுகளை நுணுகி ஆராய வேண்டியதன் தேவையை இது உணர்த்துகிறது.

ஈட்டியதும் ஈந்ததும்

தொழிலில் ஈட்டிய பெருஞ்செல்வத்தை எத்திராஜ் பெண்கல்விக்கு அளித்தார். பெண்கள் உயர்கல்வி பெறுதல் அரிதாக இருந்த அந்நாளில், 1948 ஜூலை 2ஆம் நாள் அவர் நிறுவிய மகளிர் கல்லூரி 98 மாணவியருடன் தொடங்கியது. இன்று பல்லாயிரம் மாணவியர் பயிலும் நிறுவனமாக அது வளர்ந்துள்ளது. 1960 ஆகஸ்டு 18ஆம் நாள் எத்திராஜ் மறைந்தார். அவர் நினைவாகச் சென்னையின் கமாண்டர்-இன்-சீப் சாலை, எத்திராஜ் சாலை எனப் பெயர் பெற்றது. நீதிமன்றத்தில் பிறரின் குரலாக நின்றவர், தம் குரலைத் தாமே உரைக்கும் கல்வியைப் பெண்களுக்கு வழங்கிச் சென்றார்.

கற்பவை கற்றபின்

1. கோவலனுக்காகப் பாண்டியன் அவையில் வாதாடும் வழக்குரைஞராக உங்களைக் கருதி, பொற்கொல்லனிடம் கேட்க வேண்டிய ஐந்து வினாக்களை எழுதுக.
2. ‘குற்றம் சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.