இசைநாடகப் பேராசான் வேர்டி

ஐரோப்பியர் ஒப்பெரா என வழங்கும் நாடகவகைக்கு நம்மவர் இசைநாடகம் எனப் பெயரிட்டனர். பெயர் பொருத்தமானதே. ஆயின், நம்மிடை வழங்கும் இசைநாடகத்திற் பாட்டும் வசனமும் மாறிமாறி வரும். இத்தாலியரது ஒப்பெராவிலோ, வாயிற்காவலன் வந்து விருந்தினர் வரவை அறிவிப்பதும் பெரும்பாலும் பாட்டாகவே இருக்கும். இத்தகைய நாடகங்களுக்கென எழுந்த பேரரங்குகளின் வரலாற்றைப் படிக்கப் புகுந்த யான், மிலான் நகரத்து அரங்கை நாடினும், வெனிஸ் நகரத்து அரங்கை நாடினும், ஆபிரிக்கக் கண்டத்துக் கெய்ரோவை நாடினும், ஒருவர் பெயரே முன்வந்து நிற்கக் கண்டேன். அவர் ஜுசெப்பே வேர்டி. அவரைப் பற்றிய கட்டுக்கதைகள் பல. மெய்யான வரலாறு அக்கதைகளினும் சுவையுடையது என்பது என் துணிபு.

வட இத்தாலியிலே, பார்மா நாட்டில், புசேத்தோ என்னும் ஊரை அடுத்த சிறு கிராமமொன்றில் 1813 ஒக்ரோபரில் வேர்டி பிறந்தார். தந்தையார் சிறு சத்திரம் நடத்தியவர். அந்நாளில் அப்பகுதி நெப்போலியன் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையால், இத்தாலியர் தம் மொழியின் பெருமை எனக் கொண்டாடும் இப்பெரியாரின் பிறப்புப் பதிவு பிரெஞ்சு மொழியில் உளது. புசேத்தோவில் பரேத்ஸி என்னும் வணிகர் ஒருவர் இருந்தார். இசையிற் பெருவிருப்புடைய அவர், சத்திரக்காரரின் மைந்தனைத் தம் மகன்போற் பேணிக் கல்வி கற்பித்து, 1832இல் மிலான் நகரத்து இசைக் கல்லூரிக்கு அனுப்பினார். கல்லூரியார் அவரை ஏற்றிலர். வயது வரம்பைக் கடந்தவர், அயல்நாட்டவர், பியானோ வாசிக்குங்கால் கைவைக்கும் முறை பிழை என்பன காரணங்கள். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன்: விதியை நோக்கின் அத்தேர்வாளர்மேற் குற்றமில்லை. மாணவனை அளக்கும் கோலில் எதற்குக் கோடு இடப்படவில்லையோ, அதுவே சிலவேளைகளில் அவனிடத்து மிக்கிருக்கின்றது. அக்கல்லூரி இன்று வேர்டியின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

தனியாசிரியர் ஒருவரிடம் பயின்று, 1836இல் பரேத்ஸியின் மகள் மர்கெரீத்தாவை மணந்தார். இனி வருவது துன்பக் கதை. முதற் குழந்தையாகிய மகள் 1838 ஓகஸ்டில் இறந்தாள். மகன் 1839 ஒக்ரோபரில் இறந்தான். மனைவியார் 1840 யூனில், இருபத்தாறு வயதில், மூளைக் காய்ச்சலால் மாண்டார். வேர்டி முதுமையிலே தம் வரலாற்றைக் கூறியபோது, இம்மூன்று சாவுகளும் இரண்டே மாதத்துள் நிகழ்ந்தனவென்றே கூறினார். ஏட்டிலுள்ள கணக்கோ ஏறத்தாழ இரண்டு ஆண்டு. ஆராய்ச்சியாளர் இதனை அவரது மறதி என்பர். எனக்கு அது மறதியாகத் தோன்றவில்லை. மூன்று பிணங்களை எடுத்த வீட்டில் இடைப்பட்ட நாள்களை யார் எண்ணிக்கொண்டிருப்பார்?

அத்துயரத்தின் நடுவே அவர் எழுதவேண்டியிருந்தது நகைச்சுவை நாடகம்! மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கின் முகவரோடு செய்த ஒப்பந்தம் அது. 1840 செப்ரெம்பரில் அந்நாடகம் அரங்கேறிய இரவிலேயே மக்கள் சீழ்க்கையடித்து அதனைத் தள்ளினர், மறுமுறை ஆடப்படவில்லை.

லா ஸ்காலாவைப் பற்றி இங்குச் சிறிது கூறல் வேண்டும். ஸ்காலா என்பது அவ்விடத்தில் முன்பிருந்த தேவாலயத்தின் பெயரால் வந்தது. 1778இல் திறக்கப்பட்ட இவ்வரங்கு குதிரை இலாட வடிவினது. சுற்றிலும் அடுக்கடுக்காகச் சிற்றறைகள். அவற்றுக்குமேல் எளியோர் இருக்கும் மாடங்கள். சிற்றறைகளைச் செல்வர் விலைக்கு வாங்கித் தம் வீடுபோல் ஆண்டனர். அங்கே உண்பர், சீட்டாடுவர், வழக்குப் பேசுவர், நல்ல பாட்டு வருங்காற் சற்றே திரும்பிப் பார்ப்பர். மேல்மாடத்தாரோ காசு கொடுத்துக் கேட்க வந்தவர்கள். பிழை செய்த பாடகரை அவர்கள் ஒருபோதும் மன்னித்ததில்லை. அம்மாடத்தாருக்கு அஞ்சாத பாடகர் இன்றும் அரியர் என்பர்.

இனி எழுதுவதில்லை என்று வேர்டி ஒதுங்கினார். அரங்க முகவர் மெரெல்லி விடாது ஒரு நாடகச் சுவடியை அவர் கையிற் கொடுத்தார். பாபிலோனிற் சிறைப்பட்ட யூதர் தம் நாட்டை நினைந்து வருந்தும் கதை அது. நபுக்கோ என்னும் அந்நாடகம் 1842 மார்ச் 9ஆம் நாள் லா ஸ்காலாவில் அரங்கேறியது. அவ்வாண்டின் இலையுதிர் பருவத்தில் மட்டும் 57 முறை அங்கே ஆடப்பட்டதாம். மிலான் அப்பொழுது ஒஸ்திரியர் ஆட்சியில் இருந்தது. அரங்கேற்ற நாளிலே, சிறைப்பட்ட யூதர் பாடும் பாட்டை மீண்டும் பாடுமாறு மக்கள் ஆரவாரித்து, ஆட்சியாளரின் தடையையும் மீறினர் என்று பல நூல்கள் கூறும். அக்காலச் செய்தித்தாள்களை ஆராய்ந்தோர், மறுமுறை பாடப்பட்டது அந்நாடகத்தின் வேறொரு பாட்டே என நிறுவினர். விடுதலை பெற்ற நாடு தன் பழைய இரவுகளுக்குப் புதிய பொருள் கற்பித்துக்கொண்டது என்பதே உண்மை. அதனால் அப்பாட்டின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. இத்தாலியர் அதனை இன்றும் நாட்டுப்பண் போலவே பாடுகின்றனர்.

அடுத்த பதினொரு ஆண்டுகளில் அவர் ஓய்வொழிவின்றி எழுதினார். இலண்டனுக்கும் பாரிசுக்கும் சென்றார். அவற்றையெல்லாம் விரிக்கப் புகின் இடம் போதாது. வெனிஸ் நகருக்கு வருவோம். அங்குள்ள அரங்கின் பெயர் லா பெனிச்சே. சாம்பலிலிருந்து மீண்டெழும் பீனிக்ஸ் பறவை என்பது பொருள். 1792இல் திறந்த இவ்வரங்கு 1836இல் எரிந்து, ஓராண்டுள் மீண்டும் எழுந்தது. இங்கே 1851இல் ரிகொலெத்தோ அரங்கேறியது. மூலக்கதை விக்தர் ஹியூகோவின் நாடகம். 1832இல் பாரிசில் ஒரே நாள் ஆடியபின் தடுக்கப்பட்டது. மன்னன் ஒருவனைக் காமுகனாகக் காட்டலாகாது என்று வெனிஸ் நகரத்துத் தணிக்கையாளரும் மறுத்தனர். மன்னனை மாந்துவாச் சிற்றரசனாக்கி இசைந்த வேர்டி, கூனனாகிய விதூடகனை மட்டும் மாற்ற இசைந்திலர். வெளியே உருவம் கோணியவன், உள்ளே அன்பு நிறைந்த தந்தை. அவனே தம் நாடகம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதே அரங்கில் 1853இல் லா திராவியாத்தா தோற்றது. எலும்புருக்கி நோயால் மெலிந்து இறக்கவேண்டிய தலைவியாகப் பாடியவர் நன்கு தடித்த அம்மையார். இறுதிக் காட்சியில் மக்கள் நகைத்தனர். அடுத்த ஆண்டு அதே வெனிசில் வேறோர் அரங்கிற் சில திருத்தங்களுடன் ஆடப்பட்டபோது பெரும் புகழ் எய்திற்று. இன்று உலகில் மிகுதியாக ஆடப்படும் இசைநாடகங்களுள் அது முன்னணியில் நிற்கின்றது. 1996இல் லா பெனிச்சே மீண்டும் தீக்கிரையானது. இம்முறை தீ வைத்தவர் அங்கு வேலை செய்த மின்தொழிலாளர் இருவர் என நீதிமன்றம் கண்டது. 2003இல் அரங்கு புதிதாகத் திறந்தது. அடுத்த ஆண்டு அதன் மேடையில் முதலில் ஏறிய இசைநாடகம் லா திராவியாத்தாவே.

கெய்ரோவின் கதை பலரும் பிழைபட எழுதுவது. சுயஸ் கால்வாய்த் திறப்பு விழாவுக்காக அயிதா எழுதப்பட்டதென்பர். கால்வாய் திறந்தது 1869 நவம்பரில். அம்மாதமே திறந்த கெய்ரோ அரங்கில் முதலில் ஆடப்பட்டது ரிகொலெத்தோ. அயிதாவை எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில் பின்னர் வேண்ட, வேர்டி 1,50,000 பிராங்குக்கு உடன்பட்டார். அதற்கான உடைகளும் காட்சித்திரைகளும் பாரிசில் ஆயத்தமாயின. அந்நேரம் பிரஷ்யப் படை பாரிசை முற்றுகையிட, அவை அங்கேயே அகப்பட்டன. ஆகவே 1871 டிசெம்பர் 24ஆம் நாளே அரங்கேற்றம் நிகழ்ந்தது. வேர்டி அங்குச் செல்லவில்லை. ஆறு வாரங் கழித்து மிலானில் நடந்த ஆட்டத்திலேயே அவர் கருத்தைச் செலுத்தினார். மரத்தாலாய அப்பழைய கெய்ரோ அரங்கு 1971இல் முற்றாக எரிந்தது. ஆயினும் அயிதாவுக்கு வேறோர் இடம் வாய்த்தது. உரோமர் காலத்து வெரோனாத் திறந்தவெளி அரங்கில், வேர்டி பிறந்த நூறாம் ஆண்டாகிய 1913இல் அதனை ஆடினர். இருபது நூற்றாண்டுப் பழமையுடைய அக்கற்படிகளில் இன்றும் கோடைதோறும் மக்கள் திரள்கின்றனர்.

புகழை அவர் நாடியதில்லை என்று கூறின் அது முகமன். பணத்திலும் உரிமையிலும் மிகக் கண்டிப்பானவர். புசேத்தோ ஊரவர் அவர் பெயரால் ஓர் அரங்கு எழுப்பியபோது, வீண்செலவு எனச் சினந்தார். பதினாயிரம் லீரா கொடுத்தார். சிற்றறை ஒன்றும் வாங்கினார். 1868இல் அது திறந்தபின் ஒருநாளும் உள்ளே அடிவைத்திலர்.

எழுபத்துமூன்றாம் வயதில் ஒதெல்லோவையும், எழுபத்தொன்பதாம் வயதிற் பால்ஸ்தாபையும் லா ஸ்காலாவுக்கு அளித்தார். பின்னது நகைச்சுவை நாடகம். மனைவியை இழந்த ஆண்டில் நகைக்க வைக்க முயன்று தோற்ற அதே மேடையில், ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து மக்கள் மனமாரச் சிரித்தனர்.

1901 ஜனவரியில், மிலானில் ஒரு ஹொட்டேலில் அவர் நோயுற்றுக் கிடந்தபோது, வண்டிச் சக்கரங்களின் ஓசை கேளாதிருக்கத் தெருவில் வைக்கோல் பரப்பினர். 27ஆம் நாள் காலமானார். இசையின்றி, எளிமையாக அடக்கஞ் செய்யுமாறு எழுதி வைத்திருந்தார், அவ்வாறே செய்தனர். ஒரு மாதத்தின் பின் அவர் உடலை வேறிடத்துக்கு மாற்றியபோது, தொஸ்கானினி நடத்த, எண்ணூறுக்கு மேற்பட்டோர் நபுக்கோவின் அப்பாட்டைத் திரண்டு பாடினர்.

அவரை மாற்றிய இடம், அவரே தம் பொருளாற் கட்டுவித்த இல்லம். முதுமையில் வறுமையுற்ற பாடகரும் வாத்தியக்காரரும் தங்குவதற்கானது அது. கட்டட வேலை 1899இல் முடிந்தும், தாம் உயிரோடிருக்கும்வரை ஒருவரையும் சேர்க்கலாகாது என்றார். வந்து நன்றி கூறுவார்களே என்னும் கூச்சம். முதலில் வந்தோர் 1902 ஒக்ரோபர் 10ஆம் நாள், அவர் பிறந்த நாளில், உட்புகுந்தனர்.