குழந்தைகளின் ஆசான் கவிமணி

தமிழில் பெரியோர்க்குப் பாடிய புலவர் பலர். குழந்தைகளுக்கெனப் பாடியோர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்னிற்பவர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. அன்னாரைக் கவிஞர் என்றே உலகம் போற்றுகிறது. ஆயினும், அவர்தம் வாழ்நாளில் 36 ஆண்டுகள் ஆசிரியப் பணியிலேயே கழிந்தன. அப்பணியை அறியாமல் அவர் பாடல்களின் எளிமையை அறிதல் இயலாது.

பிறப்பும் கல்வியும்

1876ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், நாஞ்சில் நாட்டுத் தேரூரில் சிவதாணுப் பிள்ளைக்கும் ஆதிலட்சுமி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார். அந்நாளில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தமையால், பள்ளியில் அவர் மலையாளமே பயில நேர்ந்தது. வீட்டில் பேசும் மொழி வேறு. பள்ளியில் படிக்கும் மொழி வேறு. தமிழை அவர் திருவாவடுதுறை ஆதீனத்தின் கிளை மடத்திலிருந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியே கற்றார். தாய்மொழிக் கல்வி எளிதிற் கிட்டாத இளமையே, பின்னாளில் எக்குழந்தைக்கும் விளங்கும் தமிழை நாடுமாறு அவரைத் தூண்டியது எனலாம்.

ஆசிரியப் பணி

கோட்டாற்றுத் தொடக்கப் பள்ளியிலும், நாகர்கோயில், திருவனந்தபுரம் ஆகிய ஊர்களின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளிலும் பணியாற்றினார். திருவனந்தபுரம் மகாராஜா பெண்கள் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கி, 1931இல் ஓய்வு பெற்றார். ஆசிரியராகப் போகிறவர்களுக்கே பாடம் சொன்னவர் ஆதலின், வகுப்பறைக்கு எத்தகைய பாட்டு வேண்டும் என்பது அவருக்கு நன்கு தெரிந்திருந்தது. அடி சிறியதாக இருத்தல் வேண்டும். சொல் குழந்தை அறிந்ததாக இருத்தல் வேண்டும். ஓசை தானே நாவில் நிற்றல் வேண்டும். பசுவும் கன்றும், கிளியும் காக்கையும், கடிகாரமும் பொம்மையும் அவர் பாடுபொருள்களாயின. அவருக்கு மக்கட்பேறு இல்லை. தமக்கையின் மகனையே தம் மகனாக வளர்த்தார். ஆயின் தமிழ்நாட்டுக் குழந்தைகள் அனைவரும் அவர் பிள்ளைகளாயினர்.

ஆய்வும் எழுத்தும்

கல்வெட்டுகளைத் தேடிச் சென்று படித்து ஆராய்ந்த அவர், காந்தளூர்ச் சாலை பற்றி நூல் எழுதினார். சொத்துரிமை மக்களுக்கன்றி மருமக்களுக்கே சென்ற வழக்கத்தால் நாஞ்சில் நாட்டுக் குடும்பங்கள் நலிந்ததை எள்ளல் சுவையுடன் பாடினார். ஓய்வுக்குப் பின் அவர் வாழ்ந்த புத்தேரி, தமிழன்பர் நாடிச் செல்லும் ஊராயிற்று. இரசிகமணி டி.கே.சி. அவர் கவிதைகளை அவைதோறும் எடுத்துரைத்துப் பரப்பினார். 1938இல் 'மலரும் மாலையும்' வெளிவந்தது. 1940இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் நிகழ்ந்த விழாவில் 'கவிமணி' என்னும் பட்டம் பெற்றார். ஆர்னால்டின் ஆங்கில நூலைத் தழுவிப் புத்தர் வரலாற்றை 'ஆசிய ஜோதி'யாக்கினார். கணித மேதையும் வானியல் அறிஞருமான பாரசீகக் கவிஞர் உமர்கய்யாமின் பாடல்களையும், ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலத்தின் வழியே தமிழாக்கினார். உமர்கய்யாம் 1079இல் நடைமுறைக்கு வந்த ஜலாலி நாட்காட்டியை வகுத்த அறிஞருள் ஒருவர் என்பது, நாட்காட்டி அச்சிடும் சிவகாசிப் பகுதியினராகிய நமக்கு உவகை தரும் செய்தியாகும்.

நம் மண்ணும் கவிமணியும்

1954 செப்டம்பர் 26இல் கவிமணி மறைந்தார். அவ்வாண்டு ஏப்ரலில்தான் விருதுநகர் தந்த காமராசர் முதலமைச்சரானார். சிற்றூர்தோறும் பள்ளிகள் பெருகின. 1956இல் மதிய உணவுத் திட்டம் மலர்ந்தது. ஏழைக் குழந்தையும் பாடநூலைக் கையில் ஏந்த வழி பிறந்தது.

எனினும், நம் பகுதியின் வரலாற்றில் ஒரு வருத்தமும் உண்டு. 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. பின்னர் பட்டாசும் அச்சும் வளர்ந்தன. வானம் பார்த்த பூமிக்கு அவை சோறிட்டன. ஆனால் பல்லாண்டுகள், விடியுமுன் வண்டியேறித் தீக்குச்சி அடுக்கச் சென்ற சிறுவர் சிறுமியர்க்குக் கவிமணியின் பாட்டு எட்டவில்லை. எழுத்தை அச்சிட்ட ஊரிலேயே எழுத்தறியாப் பிள்ளைகள் இருந்தனர். 1986இன் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும், ஆசிரியர் பலர் வீடுவீடாகச் சென்று அழைத்த உழைப்பும் அந்நிலையைப் பெரிதும் மாற்றின.

குழந்தைக் கவிஞர் பாட்டைத் தரலாம். குழந்தையைப் பாட்டினிடம் அழைத்துச் செல்பவர் ஆசிரியரே. கவிமணி இரண்டையும் செய்தார். இக்கல்லூரியில் தமிழ் பயின்று நாளை ஆசிரியராகச் செல்லும் மாணவ மாணவியர், கவிமணியின் பாட்டோடு அவர் ஆசிரியப் பணியையும் நெஞ்சிற் கொள்வாராக!