வெள்ளிச் செப்பும் கலாயோகியும்

சிவனொளிபாத யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணித் தேயிலைத் தோட்டங்களினூடே மலையேற வருவோர் பலரை நான் கண்டிருக்கிறேன். ஒருமுறை, அடிவாரத்தில் இளைப்பாறிய கண்டி நாட்டு முதியவர் ஒருவர் மடியிலிருந்து சிறியதொரு வெள்ளிச் சுண்ணாம்புச் செப்பை எடுத்தார். மூடியில் ஓடிய கொடி வேலைப்பாட்டை அவர் பார்க்கவேயில்லை. சுண்ணாம்பைத் தடவி வெற்றிலையை மடித்துக்கொண்டார். எனக்கோ கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் நினைவு வந்தது.

1877 இல் கொழும்பிலே சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கில அன்னைக்கும் மகனாகப் பிறந்தவர் அவர். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து இங்கிலாந்திலே வளர்ந்தார். கல்லும் கனிமமும் அவர் முறையாகக் கற்றவை. இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக 1903 முதல் 1906 வரை ஊர்தோறும் சுற்றியபோது, கல்லைத் தேடிய கண்கள் கம்மாளரின் கைத்திறனைக் கண்டன. 1815 இல் கண்டியரசு வீழ்ந்தபின் ஆதரிப்பாரின்றித் தேய்ந்தவர்கள் அவர்கள். அவர்தம் கலையைப் பற்றிய பெருநூலை, வில்லியம் மோரிசின் பழைய கையச்சுப் பொறியிலே பதினைந்து மாதம் அச்சிட்டு, 425 பிரதிகளாக 1908 இல் நிறைவு செய்தார். கைவினையைப் போற்றும் நூலும் கைவினையாகவே அமைதல் வேண்டும் என்று கருதினார் போலும்!

1913 இல் வெளிவந்த இந்திய, இலங்கைக் கலைகள் பற்றிய நூலில் எனாமல் வேலையையும் ஆராய்ந்தார். கண்ணாடிப் பொடியை உலோகத்தின்மேல் இட்டு உலையில் உருக்கி வண்ணமாக்கும் வித்தை அது. ஜெய்ப்பூர்க் கம்மியர் உலோகத்தைக் குடைந்து அக்குழியில் வண்ணத்தை நிரப்புவர். இவ்வித்தை உருசிய நாட்டிலும் தழைத்தது. அங்கே வெள்ளிக் கரண்டி, உப்புக் கிண்ணம் முதலிய உணவுக் கலங்களின்மேல் முறுக்கிய வெள்ளிக் கம்பியால், வயலுக்கு வரப்பிடுவது போலப் பாத்தி கட்டி வண்ணமிட்டனர். அதில் மாஸ்கோவிலே பெரும்புகழ் பெற்ற பாவெல் ஒவ்சின்னிக்கோவ் பண்ணையடிமையாகப் பிறந்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. உண்ணவும் பருகவும் உதவுங் கலத்தில் அழகு வேறு, பயன் வேறு என்று பிரிப்பதைக் குமாரசுவாமி ஒருபோதும் ஏற்றாரில்லை.

தாம் திரட்டிய கலைச்செல்வத்தைக் கொண்டு இந்தியாவிலே ஒரு கலைக்கூடம் அமைக்க விரும்பினார், ஆதரவு கிட்டவில்லை. 1917 இல் அச்செல்வம் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலைக் கூடத்தை அடைந்தது. அவரும் உடன் சென்றார். 1947 இல் மறையும்வரை, புழங்குவதற்கென்று பிறந்த பொருள்களைக் கண்ணாடிப் பேழைக்குள் காக்கும் பணியே அவருக்கு வாய்த்தது. இம்முரணை எண்ணுந்தோறும் என் மனம் வருந்தும்.

ஆயினும் பிறரைக் குறைகூற எனக்கு வாயில்லை. எங்கள் வீட்டிலும் பாட்டியின் வெள்ளிச் செப்பு ஒன்று இருந்தது. கை வறண்ட காலத்தில் அதை விற்கச் சென்றோம். வேலைப்பாட்டுக்குக் காசு கிடையாது என்று சொல்லி, கடைக்காரர் அதைத் தராசில் இட்டார். நான் பக்கத்திலேதான் நின்றேன்.