கவலை கடந்த யாத்திரிகன்

மனக்கவலைக்கு மருந்து இறைவன் திருவடியே என்பது வள்ளுவர் தம் கடவுள் வாழ்த்தில் நிறுவிய உண்மை. நூலிற் கற்குங்கால் எளிதாகத் தோன்றும் இவ்வுண்மை, வாழ்விற் கைக்கொள்ளுங்கால் எத்துணை அரிது என்பதைத் துன்புற்றோர் அறிவர். அதனைச் சிறைக்கூடத்தில் இருந்து பயின்றவர் ஆங்கில நாட்டுப் பக்தர் யோன் பன்யன்.

இங்கிலாந்தில் பெட்போட் நகரை அடுத்துள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628ஆம் ஆண்டு பன்யன் பிறந்தார். தந்தையார் உலோகப் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலினர். மகனும் சிறிதளவே பள்ளியிற் பயின்று அத்தொழிலை மேற்கொண்டார். 1644ஆம் ஆண்டில் தாயையும் தங்கையையும் அடுத்தடுத்து இழந்தார். பின்னர்ச் சிலகாலம் பாராளுமன்றப் படையிற் பணியாற்றினார். அவர் மணந்த பெண் மிக வறியவர். அவர் கொண்டுவந்த சீதனம் இரண்டு சமய நூல்களே. அந்நூல்கள் பன்யனின் உள்ளத்தைக் கிளறின. ஆண்டவர் தம்மைக் கைவிட்டாரோ என்னும் ஐயத்தாற் பல்லாண்டு அலைக்கழிந்து, ஈற்றிற் கிறிஸ்துவின் கிருபையில் அமைதி கண்டு, பெட்போட் சபையிற் சேர்ந்து பிரசங்கியாரானார்.

நான்கு மக்களை விட்டு முதல் மனைவி இறந்தார். மூத்த மகள் மேரி பார்வையற்றவள். 1659இல் எலிசபெத்து என்னும் அம்மையாரைப் பன்யன் மணந்தார். அடுத்த ஆண்டில் இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் அரியணை ஏறியபின், அரசு ஏற்ற திருச்சபைக்குப் புறம்பாகக் கூட்டங் கூட்டிப் பிரசங்கித்தோர் மீது சட்டம் பாய்ந்தது. 1660 நவம்பரில் ஒரு கிராமத்திற்குப் பிரசங்கஞ் செய்யச் சென்றவர், தம்மைப் பிடிக்க ஆணை பிறந்திருப்பதை முன்னரே அறிந்தும் தப்பியோடாது கைதானார். அச்செய்தி கேட்ட எலிசபெத்து அம்மையாருக்கு அதிர்ச்சியாற் குறைமாதத்திற் பேறு நேர்ந்தது, குழந்தை இறந்தது. 1661இல் அவ்வம்மையார் நீதிபதிகள் முன்னிலையிற் சென்று கணவருக்காக மன்றாடினார். மத்தியூ ஹேல் என்னும் நீதிபதி இரக்கங் காட்டினாராயினும் விடுதலை கிடைத்திலது.

இனிப் பிரசங்கிப்பதில்லை என ஒரு வாக்குக் கொடுத்திருப்பின் சிறைக்கதவு திறந்திருக்கும். அவ்வாக்கை அவர் கொடுத்திலர். அதனாலேயே அவருடைய கவலை இரட்டித்தது. பிறர் செய்த துன்பமாயின் பொறுக்கலாம். இதுவோ, தம் வீட்டைத் தாமே மனைவி மக்கள் மேல் இடித்து வீழ்த்துவது போல் அவருக்குத் தோன்றியது. எல்லாரினும் மேலாக மேரியை எண்ணியே அவர் நெஞ்சம் உடைந்தது. பார்வையற்ற சிறுமி பசியாலும் குளிராலும் வருந்துவாளே, பிச்சை ஏற்க நேருமே என்று ஏங்கினார். 1666இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அவ்வேக்கத்தை அவர் ஒளித்திலர்.

அவர் செய்தன இரண்டு. சிறையிலிருந்தே நாடாக்களுக்கு முனையிட்டு விற்பித்துக் குடும்பத்தைத் தாங்க முயன்றார். தம் கைக்கு எட்டாதவற்றை, திக்கற்ற பிள்ளைகளைக் காப்பேன் என எரேமியாவின் நூலிலே வாக்களித்த தேவனிடம் ஒப்புவித்தார். தூக்குமரத்தில் ஏறநேரின் அஞ்சி நடுங்கி ஆண்டவர் பெயருக்கு இழுக்குத் தேடுவேனோ என்பது மற்றொரு கவலை. ஆறுதல் வேண்டிப் பலநாள் செபித்தார், ஆறுதல் வந்திலது. அப்போதுதான் அவருக்கு ஒரு தெளிவு பிறந்தது. ஆறுதல் தருவதும் தராததும் ஆண்டவர் சித்தம். அவர் வார்த்தையிற் பிறழாது நிற்பதே அடியான் கடமை எனத் துணிந்தார். அத்துணிவின் பின்னரே அமைதி வந்தது. பலனை முன்னே கேட்டு நம்புவது வாணிகம்; கேளாது நம்புவதே விசுவாசம்.

பன்னிரண்டாண்டுகளின் பின் 1672இல் விடுதலையானார். 1678இல் வெளிவந்த அவருடைய மோட்சப் பிரயாணத்தில், ஐயக்கோட்டையில் அடைபட்ட யாத்திரிகன், வாக்குத்தத்தம் என்னுந் திறவுகோல் தன் மடியிலேயே இருந்ததை நினைவுகூர்ந்து தப்புகின்றான். தம் சிறையிற் கண்டதையே பன்யன் கதையாக்கினார் எனலாம். இந்நூலைத் தழுவியே திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காப்பியம் இயற்றி 1894இல் வெளியிட்டார். பெட்போட்டுச் சிறையில் விளைந்த ஞானம் இவ்வாறு தமிழுக்கும் உரியதாயிற்று.

1688இல், தந்தை ஒருவருக்கும் மகனுக்கும் மூண்ட பகையைத் தீர்க்க ரெடிங் நகர் சென்ற பன்யன், மழையில் நனைந்து லண்டன் வந்து, காய்ச்சலுற்று, ஆகஸ்ட் 31ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். பிறர் வீட்டுக் கவலையைத் தீர்க்கச் சென்றதே அவருடைய இறுதிப் பயணம்.

பன்யன் கவலையறியாதவர் அல்லர். நம்மினும் மிகுதியாகக் கவன்றவர். ஆயினும் கவலை தம் கடமையைத் தடுக்க அவர் ஒருநாளும் இடங்கொடுத்திலர். இறைவன் திருவடி சேர்தலாவது யாது என்பதற்கு இதனினும் தெளிவான உரை வேண்டுமோ?