கல்கத்தாவில் ஒரு தபால் ராக்கெட்காரர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம் காலனியின் காலி மனையில் ஐந்தாறு பேர் ஒரு செங்கல்லைச் சுற்றித் தள்ளி நின்று அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சிலர் மாடியிலிருந்து கவனித்திருப்பீர்கள். புதையல் ஒன்றும் இல்லை. என் பேரனுக்குப் பரிசாக வந்த பொம்மை ராக்கெட் பெட்டியில் இருந்த பற்றவைக்கும் கம்பிகளைச் சோதித்துக்கொண்டிருந்தோம். நான் இப்படி என்னதான் செய்துகொண்டிருந்தேன் என்று செயலாளர் கேட்டார். அதைச் சொல்லப் போய், ஸ்டீபன் ஸ்மித் என்பவரைப் பற்றி ஒரு கட்டுரையே கேட்டு வாங்கிவிட்டார்.

முதலில் அந்தக் கம்பி. இரண்டு மின்கம்பிகளின் நுனியை ஒரு மெல்லிய நிக்ரோம் இழை இணைக்கிறது. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குள் சிவக்கிறதே, அதே வகை உலோகம். அதன் நுனியில் தீக்குச்சி மருந்து போல ஒரு பூச்சு. பேட்டரிப் பெட்டியில் சாவியைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினால் இழை சூடாகி மருந்து பற்றும். நன்மை என்னவென்றால், பற்றவைப்பவர் பல அடி தூரத்தில் நிற்கலாம். தீபாவளிக்கு ஊதுவத்தியை நீட்டிவிட்டு ஓடுகிறோமே, அந்த ஓட்டம் இல்லை. ராக்கெட்டை விடவில்லை, கம்பியை மட்டும் தனியே செங்கல் மேல் வைத்துப் பார்த்தோம். ராக்கெட் விடுவதானால் வெடிமருந்து விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும், கூரை வீடுகள் இல்லாத பெரிய மைதானம் வேண்டும். நம் மனையில் அது ஆகாது.

நான்கு கம்பிகளில் முதல் இரண்டு பற்றவே இல்லை. மழைக்கால ஈரத்தில் மருந்து நமுத்துப்போயிருக்கலாம் என்று வெயிலில் வைக்க எண்ணினேன். பேரன் ஒத்துக்கொள்ளவில்லை. மருந்து சம்பந்தப்பட்ட எதையும் வெயிலில் காயவைக்கக்கூடாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது என்றான். பிள்ளைகள் படிக்கிறார்கள், நாம்தான் படிப்பதில்லை. மூன்றாவது கம்பி சுரீரென்று பற்றி ஒரு நொடியில் அணைந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு உடனே என் ஆல்பத்தில் உள்ள ஒரு தபால்தலை நினைவுக்கு வந்தது.

வங்கியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தபால் பிரிவில் உட்கார வைத்தார்கள். வருகிற உறைகளைப் பதிவேட்டில் ஏற்றுவது, போகிறவற்றுக்குத் தலை ஒட்டுவது, அவ்வளவுதான் வேலை. அங்கே ஒட்டிக்கொண்டதுதான் தபால்தலை சேர்க்கும் பழக்கம். 1992 டிசம்பரில் இந்தியத் தபால் துறை 11 ரூபாய்க்கு ஒரு தலை வெளியிட்டது. ராக்கெட் தபாலின் முன்னோடி ஸ்டீபன் ஸ்மித்தின் நூற்றாண்டு நினைவு. ஒரு தலைக்குப் பதினொரு ரூபாயா என்று வீட்டில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஸ்டீபன் ஹெக்டர் டெய்லர்-ஸ்மித் 1891 பிப்ரவரி 14-ஆம் தேதி ஷில்லாங்கில் பிறந்தார். பெயர்தான் வெள்ளைக்காரப் பெயர், வாழ்ந்தது முழுக்க இந்தியாவில். அசன்சோலில் புனித பேட்ரிக் பள்ளியில் படித்தார். அங்கே இவரும் நண்பர்களும் ஓணானை வாணத்தில் கட்டி நீச்சல்குளத்தின் மேலே பறக்கவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. பள்ளிக்கூடக் கதைகளுக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்புக் கொடுங்கள். ஆனால் பிற்காலத்தில் அவர் செய்ததைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

படிப்பு முடிந்து கல்கத்தாவில் சுங்க இலாகாவில் வேலை, பிறகு போலீஸ், அதன்பின் பல் மருத்துவம். மூன்று தொழில் மாறியவருக்கு மாறாமல் இருந்தது ஒன்றுதான், விமானத் தபால் மோகம். 1911 பிப்ரவரி 18-ஆம் தேதி, அவருக்கு இருபது வயது நிறைந்து நான்கே நாளில், அலகாபாத்திலிருந்து யமுனைக்கு அக்கரையில் உள்ள நைனிக்கு ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு சின்ன விமானத்தில் சுமார் 6,500 கடிதங்களைக் கொண்டுபோனார். உலகத்தின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது. லண்டனிலோ பாரிஸிலோ நடக்கவில்லை, நம் நாட்டில்தான் நடந்தது. ஸ்மித் இந்த விமானத் தபால்களைச் சேகரித்தார், அவற்றைப் பற்றி எழுதினார், இந்திய விமானத் தபால் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார். சங்கச் செயலாளர் வேலை என்றால் என்னவென்று நம் செயலாளருக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் ஐரோப்பாவில் வேறு ஒரு கிறுக்கு ஆரம்பித்திருந்தது. ஆஸ்திரியாவில் ஃபிரெட்ரிக் ஷ்மீடில் என்ற பொறியாளர் 1931 பிப்ரவரியில் ஒரு மலைமேலிருந்து கீழே உள்ள கிராமத்துக்கு 102 கடிதங்களை ராக்கெட்டில் அனுப்பிவிட்டார். பிற்பாடு அவருடைய அரசாங்கமே அவரைத் தடுத்துவிட்டது. ஜெர்மானியரான கெர்ஹார்ட் ஸூக்கர் 1934 ஜூலையில் ஸ்காட்லாந்தில் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குக் கடிதம் அனுப்பப் பார்த்தார். ராக்கெட் வெடித்து, கடிதங்கள் கருகிப் பறந்தன.

அது நடந்து இரண்டே மாதத்தில், 1934 செப்டம்பர் 30-ஆம் தேதி, ஸ்மித் களத்தில் இறங்கினார். இடம், நம்மில் சிலர் யாத்திரை போய் வந்த கங்காசாகர். ஹூக்ளி கடலில் கலக்கும் இடத்தில் ஒரு கப்பலில் இருந்து சாகர் தீவை நோக்கி ராக்கெட்டை விட்டார். உள்ளே 140-க்கும் மேற்பட்ட கடிதங்கள். ராக்கெட் நடுவானில் வெடித்தது. கடிதங்கள் சிதறின.

இங்கேதான் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. சிதறிய கடிதங்களைப் பொறுக்கி எடுத்துச் சேர்த்தார்கள். தபால் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு அது புரியும். வண்டி கவிழ்ந்தாலும், மழையில் நனைந்தாலும், பதிவேட்டில் ஏறிய உறை உரியவர் கைக்குப் போயாக வேண்டும். ராக்கெட் போனால் போகட்டும், கடிதம் இன்னொருத்தர் சொத்து.

ராக்கெட் ஏன் வெடிக்கிறது? ஸ்மித்தின் ராக்கெட்டுகளைச் செய்து கொடுத்தது கல்கத்தாவில் இருந்த ஒரு வாணக் கம்பெனி. மருந்தைக் குழாயில் இடித்துக் கெட்டிக்கும்போது எங்காவது விரிசல் விட்டுவிட்டால், தீ அந்த விரிசலுக்குள்ளும் புகுந்து ஒரே நேரத்தில் அதிக மருந்தை எரிக்கும். புகை வெளியேற வழி போதாமல் குழாய் பிளக்கும். மருந்து ஈரமானால் நேர் எதிர், பற்றவே பற்றாது. இரண்டுக்கும் நடுவில் சரியாக எரிவதுதான் வித்தை. மருந்துக்குப் பதில் திரவ எரிபொருளில் முதல் ராக்கெட்டை 1926 மார்ச் 16-இல் பறக்கவிட்ட அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் கோடார்டுக்கே, பற்றவைக்க ஒரு உதவியாளர் நீண்ட கம்பில் ஊதுவிளக்கைக் கட்டி நீட்ட வேண்டியிருந்தது. அந்த ராக்கெட் பறந்தது இரண்டரை நொடி, ஏறிய உயரம் 41 அடி. நம் செங்கல் சோதனை அப்படி ஒன்றும் மட்டமில்லை.

கல்கத்தா என்றதும் நமக்கு இன்னொன்றும் ஞாபகம் வர வேண்டும். ஸ்மித்தின் முதல் ராக்கெட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு, சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளப் போனதும் அதே ஊருக்குத்தான். தீ பற்றவைக்கும் வித்தையை அன்றைக்குக் கல்கத்தாவில்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது போலிருக்கிறது.

ஸ்மித்துக்கு நல்ல காலம் 1935. சிக்கிம் மன்னர் தாஷி நம்கியால் அவரை ஆதரித்தார். மலைநாட்டில் இக்கரைக்கும் அக்கரைக்கும் கூப்பிடு தூரம்தான் இருக்கும், ஆனால் இறங்கி ஏற அரைநாள் ஆகும். மழையில் பாதை சரிந்தால் அதுவும் இல்லை. அங்கே ராக்கெட் விளையாட்டுச் சாமான் இல்லை என்பது மன்னருக்கு உடனே புரிந்திருக்கும். ஏப்ரல் மாதத்தில் ஒரே வாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகளை விட்டார்கள். ஏப்ரல் 10-ஆம் தேதி ராணி கோலா ஆற்றைத் தாண்டிப் போன ஒன்றில் தேயிலை, சர்க்கரை போன்ற பொட்டலங்கள் இருந்தன. ராக்கெட்டில் போன முதல் பார்சல் அது என்கிறார்கள்.

மே 31-ஆம் தேதி குவெட்டாவில் பயங்கரமான பூகம்பம். ஆயிரக்கணக்கானோர் இடிபாடுகளில் மாண்டார்கள். சில நாட்களில் ஸ்மித் வங்காளத்தில் ரூப்நாராயண் ஆற்றங்கரையில் நின்றார். இப்படிப்பட்ட நேரத்தில் உடைந்த பாலத்துக்கு அப்பால் இருப்பவர்களுக்கு என்ன அனுப்ப முடியும் என்று காட்ட நினைத்தார். அரிசி, தானியம், மசாலாச் சாமான், கூடவே பீடி. ராக்கெட் அக்கரை சேர்ந்தது. பட்டியலில் பீடியைச் சேர்த்தவர் மனிதர்களைத் தெரிந்தவர் என்று நினைக்கிறேன்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையை நம் பண்ருட்டிக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த பிறகு, ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டித் தள்ளினால்தான் அடுத்த கிராமத்துக்குப் போகலாம் என்ற நிலை. அப்போது நான் வேலையில் இருந்தேன். முந்திரிக் கடன் வாங்கியவர்கள் கிளைக்கு வந்து சேரவே நாலைந்து நாள் ஆயிற்று. 2015 நவம்பரில் பெரியகாட்டுப்பாளையத்தில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. இரண்டு சமயத்திலும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ஒரு மாத்திரை அட்டை, ஒரு ரொட்டிப் பொட்டலம் போய்ச் சேர்வதுதான் பெரிய காரியமாக இருந்தது. ரூப்நாராயண் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கெடிலமும் பெண்ணையாறும்தான் கண்முன் வருகின்றன.

அதே ஜூன் 29-ஆம் தேதி அவர் செய்ததுதான் அவரைப் பிரபலமாக்கியது. ஒரு சேவலையும் ஒரு கோழியையும் ராக்கெட்டில் வைத்துத் தாமோதர் நதிக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். பெயர் ஆதாம், ஏவாள். இரண்டும் உயிரோடு இறங்கின. பிறகு கல்கத்தாவில் ஒரு தனியார் விலங்குக் காட்சி சாலையில் சேர்க்கப்பட்டுச் சுகமாக இருந்தன. பின்னொரு தடவை ஒரு பாம்பையும் ஆப்பிளையும் அனுப்பினார். ஆதாம் ஏவாளுக்குப் பிறகு அது வராமல் இருக்குமா! சேவலையும் கோழியையும் கேட்காமல் அனுப்பியது எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

செலவுக்கு என்ன செய்தார்? ராக்கெட்டில் போன உறைகளுக்குத் தனி முத்திரைச் சீட்டுகள் அச்சிட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்றார். இதைப் பிடித்துக்கொண்டு, அவர் விஞ்ஞானியே இல்லை, தபால்தலை வியாபாரி என்று சொல்பவர்கள் உண்டு. நான் வணிகவியல் படித்தவன், கணக்கை மட்டும் பார்க்கிறேன். 1934-லிருந்து 1944 வரை பத்து ஆண்டுகளில் சுமார் 270 ராக்கெட்டுகள் விட்டிருக்கிறார். அதில் தபால் சுமந்தவை 80-க்குச் சற்று மேல். விற்பதற்கு உறை இல்லாத மீதி 190 ராக்கெட்டுகளை ஒரு வியாபாரி எதற்காகக் கொளுத்துவான்? கைக்காசு போட்டுச் சோதனை செய்தவர் கணக்குத்தான் இப்படி இருக்கும்.

யுத்த காலத்தில் வெடிமருந்தை விட்டு, அழுத்தப்பட்ட வாயுவால் ராக்கெட்டைத் தள்ளிப் பார்த்தார். 1944-க்குப் பிறகு சோதனைகள் நின்றுவிட்டன. 1951 பிப்ரவரி 15-ஆம் தேதி, அறுபது வயது நிறைந்த மறுநாள், காலமானார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1963 நவம்பர் 21-இல், தும்பா கடற்கரையிலிருந்து நம் நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் கிளம்பியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

ராக்கெட் தபால் எங்கேயும் நிலைக்கவில்லை. 1959-இல் அமெரிக்கக் கடற்படை ஒரு நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவுகணையில் 3,000 கடிதங்களை அனுப்பிப் பார்த்தது. அதுவும் அந்த ஒரு தடவையோடு சரி. விமானம் மலிவாகிவிட்டது, கடிதம் எழுதும் வழக்கமே குறைந்துவிட்டது. இப்போது வெள்ளத்தில் மாட்டியவர்களுக்கு டிரோனில் மருந்து அனுப்புகிறார்கள். ஸ்மித் இருந்திருந்தால் முதல் ஆளாக ஒன்று வாங்கியிருப்பார்.

நான்காவது கம்பியை இன்னும் சோதிக்கவில்லை. மழை விட்டதும் ஒரு ஞாயிறு காலை எட்டு மணிக்கு அதே காலி மனையில் செய்கிறோம். பிள்ளைகள் பருத்தி உடையில், காலில் செருப்போடு, பெரியவர் ஒருவருடன் வரவும். ஒரு வாளித் தண்ணீர் நான் கொண்டுவருகிறேன். ஸ்டீபன் ஸ்மித் தபால்தலையை அன்று வீட்டில் பார்க்கலாம். ஆல்பத்தைத் தொடுவதற்கு முன் கை கழுவித் துடைத்திருக்க வேண்டும், பலாப்பழக் கையோடு வருபவர்களுக்கு அனுமதி இல்லை.