பந்தாட்ட வீரர் டாலி மெஸஞ்ஜர்

கல்வியாலும் அரசியலாலும் புகழெய்தினோர் சரித்திரங்களை நாம் அடிக்கடி படிக்கின்றோம். விளையாட்டு வெளியிலே ஒரு நாட்டாரின் உள்ளத்தைக் கவர்ந்து, அதன் பொருட்டு இடரும் உற்ற ஒருவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர் ஆஸ்திரேலிய ரக்பி வீரராகிய டாலி மெஸஞ்ஜர்.

ஹெர்பர்ட் ஹென்றி மெஸஞ்ஜர் 1883ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12ஆம் தேதி ஸிட்னி நகரத்துப் பால்மெயின் என்னும் பகுதியிற் பிறந்தார். குழவிப் பருவத்தில் அவர்க்குச் சிறு தொந்தி இருந்தமையின், பருத்த வயிற்றினரான டாலி என்னும் அரசியலாளரின் பெயரையே யாவரும் அவர்க்கு இட்டழைத்தனர், அதுவே நிலைத்துவிட்டது. தந்தையார் படகு கட்டுந் தொழிலினர். துடுப்புப் போட்டிகளிற் பேர் பெற்றவர். மைந்தரும் டபிள் பே என்னும் கடற்றுறையிலே உடலுழைப்பில் வளர்ந்தார்.

ரக்பி என்பது முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும் காலால் உதைத்தும் ஆடும் ஆட்டமாகும். அதனை நடத்திய யூனியன் சங்கத்தாரின் விதிப்படி ஆட்டக்காரர் பணம் பெறலாகாது. செல்வர்க்கு இவ்விதி இடையூறன்று. நாட்கூலியால் வாழ்வார்க்கோ அது பெரும் பாரமாயிற்று. ஆட்டத்திற்காக இழந்த கூலியை ஈடுசெய்ய விரும்பிய வட இங்கிலாந்துக் கழகங்கள் 1895இல் பிரிந்து தனிச் சங்கம் அமைத்தன. இதன் வழிவந்ததே லீக் ஆட்டம்.

ஸிட்னியிலும் அவ்வழக்கு எழுந்தது. அலெக் பர்டன் என்னும் வீரர் ஆட்டத்திற் காயமுற்று, தொழிலுக்குச் செல்ல இயலாது வருந்தினார். சங்கத்தாரோ அவர்க்கு உதவவில்லை. திரளான மக்கள் காசு கொடுத்துக் காணும் ஆட்டத்தில், ஆடியவன் மட்டும் வறுமையுறுவது முறையோ என்று பலர் வினவினர். கில்டினன் என்பாரும், கிரிக்கெட் வீரர் விக்டர் டிரம்பரும், வேறு சிலரும் கூடி 1907இல் லீக் சங்கத்தைத் தோற்றுவித்தனர்.

அவர்கள் முதலில் நாடியவர் மெஸஞ்ஜரே. அவ்வாண்டிலேதான் அவர் நியூஸிலாந்தை எதிர்த்து ஆஸ்திரேலியாவிற்காக யூனியன் ஆட்டம் ஆடியிருந்தார். அவர் ஓட்டத்தையும் உதையையும் காணவே ஜனங்கள் கூடினர். புதிய சங்கத்திற் சேரின் பழைய சங்கம் தம்மை விலக்கிவிடும் என்பதை அவர் அறிவார். தாயாரின் இசைவைப் பெற்றே உடன்பட்டார் என்பர். ஆகஸ்டு 17ஆம் தேதி நடந்த முதல் ஆட்டத்தைக் காண ஏறக்குறைய 20,000 பேர் திரண்டனர். யூனியன் சங்கத்தார் அவரை விலக்கியதோடு, அவர் ஆடிய ஆட்டங்களையும் ஏட்டினின்று அழித்தனர்.

எனினும் அவர் கீர்த்தி குன்றவில்லை. நியூஸிலாந்து வீரரோடு அவ்வாண்டே இங்கிலாந்து சென்றார். மறுமுறை ஆஸ்திரேலிய அணியுடன் சென்று, 1908 டிசம்பர் 12ஆம் தேதி லண்டனில் நடந்த முதல் டெஸ்ட் ஆட்டத்தில் தலைமை தாங்கினார். இரு திறத்தாரும் 22 புள்ளிகள் பெற்றுச் சமமாயினர். 1911ஆம் ஆண்டுப் பருவத்தில் தாம் ஒருவராகவே 270 புள்ளிகள் ஈட்டினார். அவர் தலைமையில் ஈஸ்டர்ன் ஸபர்ப்ஸ் கழகம் 1911 முதல் 1913 வரை மூன்றாண்டும் வாகை சூடியது. 1913இல், மகாயுத்தம் மூளுமுன்னர், ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றார்.

பின்னாளில் அவர் விடுதி நடத்தினார்; குவீன்ஸ்லாந்திலே வாழைத் தோட்டமும் வைத்தார். அவற்றாற் செல்வம் சேர்ந்ததில்லை. தச்சு வேலையால் சீவனம் செய்தார். 1959 நவம்பர் 24ஆம் தேதி கன்னெடா என்னும் ஊரில் உயிர் நீத்தார்.

எந்த விதியை மீறினாரென்று மெஸஞ்ஜரை விலக்கினரோ, அவ்விதியை யூனியன் உலகமே 1995இற் கைவிட்டது. 2007இல், சரியாக நூறாண்டு கழித்து, அவர் ஆட்டங்கள் மீண்டும் யூனியன் ஏட்டில் இடம் பெற்றன. லீக் ஆட்டத்தில் ஆண்டுதோறும் சிறந்த வீரர்க்களிக்கும் பரிசு 1980 முதல் அவர் பெயரையே தாங்குகின்றது.

ஏட்டினின்று ஒரு பெயரை அழித்தல் எளிது. கண்டு களித்த மக்கள் நெஞ்சினின்று அழித்தல் அரிது. கழகங்களை நடத்தும் பொறுப்பு நம் மாணவர்க்கும் ஒருநாள் வரும். அன்று, வியர்வை சிந்தி ஆடுவோனின் வீட்டு அடுப்பு எரிகின்றதா என்பதையும் நினைத்தே விதி வகுப்பார்களாக.