பழவேற்காட்டு ஆபிரகாம் ரோஜேரியஸ்

சென்னைக்கு வடக்கே, கடலும் ஏரியும் கூடும் முகத்துவாரத்தருகே, பழவேற்காடு என்னும் பழைய துறைமுகம் உளது. இற்றை நாளில் அது வலைஞர் குப்பங்கள் சூழ்ந்த சிற்றூர். பதினேழாம் நூற்றாண்டிலோ, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர் வாணிகத்திற்குத் தலைமை இடமாய் அது விளங்கிற்று. அவர்கள் 1613-இல் கெல்திரியா என்னும் கோட்டையை ஆண்டு எழுப்பினர். அக்கோட்டையில் 1632 முதல் பத்தாண்டுக் காலம் குருவாக இருந்தவரே ஆபிரகாம் ரோஜேரியஸ்.

அவர் லெய்டன் நகரில் இறைநூல் பயின்று கீழ்த்திசைக்கு அனுப்பப் பெற்றவர். கம்பெனியாரின் குருமார் பலர் தம் கடமை முடிந்தவுடன் கப்பலேறி ஊர் திரும்புதலே கருத்தாய் இருந்தனர். இவர் அத்தகையர் அல்லர். தம்மைச் சூழ வாழ்ந்த மக்களின் வழக்கமும் வழிபாடும் யாவை என்று அறிய விழைந்தார். வடமொழியோ அவர்க்குத் தெரியாது. அந்நிலையில் பத்மநாபன் என்னும் அந்தணர் அவர்க்குத் துணையாயினார்.

இருவர்க்கும் பொதுவாய் இருந்தது போர்த்துகீசிய மொழி ஒன்றே. பத்மநாபன் தம் உள்ளத்தில் வடமொழியில் நின்ற பொருளைப் போர்த்துகீசியத்திற் சொல்ல, ரோஜேரியஸ் அதனை ஒல்லாந்த மொழியில் எழுதிக் கொண்டார். அந்தணர் வாழ்க்கை, சடங்கு, திருவிழா, கோயில் வழிபாடு ஆகியன இவ்வாறு ஏடேறின. பர்த்ருஹரியின் நீதி, வைராக்கியப் பாடல்களின் பொருளும் உடன் எழுதப் பெற்றது. காதற்பகுதி மட்டும் அதில் இடம் பெறவில்லை. வெப்பம் மிகுந்த அக்கோட்டை அறையில், இரண்டு மொழிகளைத் தாண்டி ஒரு பாட்டின் கருத்தைப் பிறன் ஒருவன் நெஞ்சிற் சேர்த்தல் எத்துணைக் கடிய வேலை! மொழிபெயர்ப்பில் சிறிதேனும் கை வைத்தார் இதனை உணர்வர்.

ரோஜேரியஸ் பின்னர்ப் படேவியா சென்று, அங்கே சில ஆண்டு பணிபுரிந்து தாயகம் மீண்டார். 1649-இல் கௌடா நகரில் உயிர் துறந்தார். நூல் அச்சேறியதை அவர் காணவில்லை. அவருடைய கைம்பெண்ணே அதனை வெளிக் கொணர்ந்தார். 1651-இல் லெய்டனில் அது வெளிவந்தது. புறச்சமயத்தின் மறைபொருளுக்குத் திறந்த கதவு என்பது அதன் பெயரின் கருத்து. கற்றார் ஒருவர் முன்னுரை தந்தார்; மற்றொருவர் குறிப்புரை எழுதினார்.

ரோஜேரியஸ் நேர்மையாளர் என்பதில் ஐயமில்லை. பத்மநாபனின் பெயரை அவர் மறைத்தாரல்லர். நூலினுள்ளே பலவிடத்தும் கூறியுள்ளார். ஆயினும் நூல் ரோஜேரியஸின் நூலே. கம்பெனியின் குரு என்னும் பதவி, லெய்டன் கல்வி, தாயகத்தில் அறிமுகமான கற்றோர் என இவை யாவும் அவர் பக்கம் நின்றன. பத்மநாபன் பக்கம் நின்றது கல்வி ஒன்றே. அக்கல்வியைத் தம் பெயரால் அச்சேற்ற அவர்க்கு வழி ஏது?

பழவேற்காட்டு வலைஞரிடம் பாடு என்றொரு முறை உண்டு. மீனும் இறாலும் மிகுதியாய் அகப்படும் இடத்தை ஒருவனே பற்றிக் கொள்ளாவண்ணம், தலைக்கட்டுடையார் முறை வைத்து மாறி மாறி வலையிடுவர். எழுத்தறியாதார் பலர் வாழ்ந்த குப்பங்களில் இத்தகைய நடுவுநிலை இருந்தது. அச்சுப் பொறியின் முன்னரோ அன்றும் அம்முறை இல்லை, இன்றும் இல்லை. பெயர் பெற்ற நடிகரும் விளையாட்டு வீரரும் ஒரு வரி எழுதுமுன்னரே பதிப்பாளர் அவர் வாயிலிற் காத்து நிற்கின்றனர். பெயரில்லாதான் கைப்பொருள் செலவிட்டு அச்சிட்டு, கட்டுப் பிரியாத நூல்களைப் பரணில் ஏற்றுகின்றான்.

நிற்க. ரோஜேரியஸின் நூல் 1663-இல் ஜெர்மானிய மொழியிலும் 1670-இல் பிரெஞ்சு மொழியிலும் பெயர்க்கப் பெற்றது. ஜெர்மானியப் பேரறிஞர் ஹெர்டர் அதிலிருந்து பர்த்ருஹரியின் கருத்துகளை எடுத்து 1792-இல் வெளியிட்டார். வில்கின்ஸ் கீதையை ஆங்கிலத்தில் தந்தது 1785-இல். வில்லியம் கேரி சீராம்பூரில் பர்த்ருஹரியின் வடமொழி மூலத்தை அச்சிட்டது 1804-இல். பத்மநாபன் வாயாற் சொல்லியது அதற்கு 153 ஆண்டு முன்னரே ஐரோப்பியப் புத்தகக் கடைகளில் விலைபோயிற்று. அந்நூல்களின் முகப்பில் நின்ற பெயர் ரோஜேரியஸ் என்பதே.